சிஸ்டர் கேட்ட மரம்

வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது என்று தம்பிகள் இருவரும் கூடிப் பேசி முடித்த பிறகு, அதை அக்காவிடம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சிஸ்டர் அப்போது கொல்லைப்புறத்தில் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய தம்பி தொண்டையைக் கனைத்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவன் அவன். தான் கனைத்தால் எதிரில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சின்னத் தம்பி கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். அண்ணன் சொல்லி முடிக்கும்வரை கைகட்டி நின்றுவிட்டு, பிறகு அண்ணன் சொன்னதையே இன்னும் நீளமாகச் சொல்லுவான்.

"அக்கா, உன்னோட ஒரு கையெழுத்து வேணும்" என்றான் பெரியவன்.

"எதுக்கு?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

சிஸ்டர் ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள். முப்பத்தாறு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். 'உங்க நல்லதுக்குத்தான்' என்று அவளே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு அடுத்தபடி ஊசி வரும் என்று அவளுக்குத் தெரியாதா?

தெருவில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். தம்பிகளின் மனைவிமார் கோபம் வந்து கணவர்களிடம் "உங்க சிஸ்டர்" என்று சொல்லும்போது அது உறவா பட்டமா என்று பிரித்தறிய முடியாது. நீதிபதி, கல்லூரி முதல்வர், மூன்று பஸ் கம்பெனிக்குச் சொந்தக்காரர் என்று எத்தனையோ பேருக்கு அவள் பெட்பேன் வைத்து எடுத்திருக்கிறாள். படுக்கையில் கிடக்கிற மனிதனுக்குப் பதவி கிடையாது என்பதை இருபத்திரண்டு வயதிலேயே பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரைப் பார்த்தும் அவளால் மலைக்க முடிந்ததில்லை. சொந்தத் தம்பிகளைப் பார்த்து எங்கே மலைப்பது? இருவருக்கும் மூக்குத் துடைத்துவிட்டவளே அவள்தான்.

கையெழுத்து அப்பாவின் உயிலுக்காக. வீடு இரண்டு மகன்களுக்கு. மகளுக்கு, 'திருமணம் ஆகும்வரை மேற்படி வீட்டில் குடியிருக்கும் உரிமை.' அப்பா அதை எழுதியபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. திருமணம் வரவில்லை. ஆகவே அறுபத்தோரு வயதில், முழங்கால் வலியும் மூக்குக் கண்ணாடியுமாக, சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் மாப்பிள்ளைக்குக் காத்திருக்கிற பெண். அந்தப் பெண் கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

"நீ எங்க போகணும்? எங்க ரெண்டு பேர்கிட்டயும் மாறி மாறி இருந்துக்க. ஆறு மாசம் இவன்கிட்ட, ஆறு மாசம் என்கிட்ட" என்றான் பெரியவன்.

"வெயில் காலத்துக்கு யாரு, மழை காலத்துக்கு யாரு?"

"அதை நாங்க உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கிறோம்க்கா" என்றான் சின்னவன். அவன் உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னான்.

"ஒண்ணும் பேச வேண்டாம். எனக்கு உங்க ஃப்ளாட்டும் வேண்டாம், ஆறு மாசமும் வேண்டாம். மரத்தைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"எந்த மரம்?"

"இந்த வீட்டு மரம். உத்திரம், தூண், நிலை, கதவு, ஜன்னல், பரண் பலகை. ஒரு குச்சி விடாம."

தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊசி இன்றைக்குக் கிடையாது என்று கேட்ட நோயாளியின் முகம் இருவருக்கும். பெரியவன் சட்டென்று அதை மறைத்துக்கொண்டு, யாருக்கோ பெரிய சலுகை தருகிற தோரணையில் மறுபடி கனைத்தான். "சரி. உனக்காக விட்டுத்தரோம்."

பழைய மரம் அவளுக்கு எதற்கு என்று இருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஊருக்கு வெளியே அவள் சம்பளத்தில் என்றோ வாங்கிப் போட்ட சின்ன மனை ஒன்று இருந்தது; அதில் தனக்கென்று ஒரு வீடு கட்டத்தான் மரம். இரண்டு நாளைக்கு முன்னால், தம்பிகளுக்குத் தெரிந்த வீடு இடிக்கிற காண்டிராக்டர் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். சுவரைத் தட்டினார், தரையைத் தட்டினார், எதிலும் அவர் முகம் மாறவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தபோது மட்டும் கண்ணில் ஒரு பசை வந்தது. உடனே, "எல்லாம் விறகுக்குத்தான் சார் ஆகும்" என்றார். தம்பிகள் தலையாட்டினார்கள். காபி டம்ளர் எடுக்க வந்த சிஸ்டர் அந்தக் கண்ணைப் பார்த்தாள். விறகைப் பார்த்து யாருக்கும் வாயில் எச்சில் ஊறாது.

காண்டிராக்டருக்கு மரம் கிடையாது என்று தெரிந்ததும் அவர் கூலியைக் கூட்டிவிட்டார். தம்பிகள் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

இடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து சிஸ்டர் எதிர்ச்சாரியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துகொண்டாள். மடியில் நோட்டு, கையில் பெயிண்ட் டப்பா, பிரஷ். இறங்கிய ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டாள். வார்டில் கட்டிலுக்கு நம்பர் போடுவதுபோல, முன்கூடத்து மரம் ஒன்றிலிருந்து, பின்கட்டு மரம் நூறிலிருந்து. வேலையாட்கள் இரண்டு ஜன்னல் சட்டத்தை மெல்ல ஓரங்கட்டப் பார்த்தபோது, "நாப்பத்தேழும் நாப்பத்தெட்டும் எங்கப்பா?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். அதோடு அந்த ஆசை விட்டது.

மூன்றாம் நாள் முன்கூடத்து உத்திரத்துக்கு வந்தார்கள். அந்த உத்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா இருந்த காலத்தில், வீட்டுக்கு வருகிற எவரும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அண்ணாந்து அதைப் பார்த்தாக வேண்டும். "ஒரே மரம். இருபத்திரண்டு அடி. எங்க தாத்தா கப்பல்ல வரவழைச்சது" என்பார். அப்பா போன பிறகு பெரியவன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். சின்னவன் குடும்ப வரலாறு என்று முப்பது பக்கத்தில் ஒரு புத்தகமே அச்சடித்து, அட்டையில் அந்த உத்திரத்தின் படத்தைப் போட்டான். சிஸ்டருக்கு அது கழுத்து வலிக்கும்படி ஒட்டடை அடிக்க வேண்டிய ஒரு மரம், அவ்வளவுதான். ஆனாலும் ஒரே மரம் என்பதை அவளும் நம்பித்தான் இருந்தாள்.

எட்டுப் பேர் கயிறு கட்டி இறக்கும்போது நடுவில் ஒரு சத்தம் கேட்டது. மேலே அடித்திருந்த மெல்லிய பலகை பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்தது மூன்று துண்டு. ஒன்றோடொன்று வாயைக் கவ்வ வைத்து, இரும்புப் பட்டை போட்டு முறுக்கி, பலகையால் மூடி, அதன்மேல் பழுப்புப் பெயிண்ட் பூசிப் பூசி ஒரே மரமாக்கியிருந்தார்கள். மூன்றில் ஒரு துண்டு ஏதோ சரக்குப் பெட்டிச் சட்டம்; கம்பெனி முத்திரை பாதி அழிந்து இன்னும் தெரிந்தது.

சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தெருவில் அவள் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை, காண்டிராக்டர் பயந்துபோய், "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார்.

பெரியவனுக்குப் போன் போட்டாள்.

"உங்க ஒரே மரம் மூணு மரமா இருக்குடா. வந்து பாரு."

அவன் வந்து பார்த்தான். தெருவில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதக்கா" என்றான்.

கூட வந்த சின்னவன் குனிந்து இரும்புப் பட்டையைத் தடவினான். "இது ஒருவேளை அந்தக் காலத்து ஒரு தொழில்நுட்பமா இருக்கலாம். நில அதிர்வுக்காக இருக்கலாம்."

"ஆமா. அந்த அதிர்வுக்குத்தான் பெட்டிச் சட்டத்தை வெச்சிருக்காங்க" என்றாள் சிஸ்டர். "உன் புத்தகத்துல இன்னும் ரெண்டு பக்கம் சேத்துக்க."

காண்டிராக்டரின் கண் எதைப் பார்த்துப் பசையானது என்பது பின்கட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. விறகு போட்டு வைக்கிற கொட்டகையும், அதை ஒட்டி சாமான் அறையும் பின்னால் இருந்தன. நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவளுக்குச் சத்தமில்லாத இடம் வேண்டும் என்று சொல்லி, அவளை அந்தச் சாமான் அறைக்கு மாற்றியிருந்தார்கள். முன்கூடம் போல அங்கே பெயிண்ட் பூச யாருக்கும் தோன்றவில்லை. கரியும் ஒட்டடையும் படிந்து கறுத்துக் கிடந்த கூரைப் பலகையைக் காண்டிராக்டர் உளியால் ஒரு சுரண்டு சுரண்டினார். தேன் நிறத்தில் தேக்கு. கொட்டகையின் தூண்களும் அப்படித்தான். வீட்டைக் கட்டியவர் நல்ல மரத்தை யார் கண்ணிலும் படாத இடத்தில் போட்டுவிட்டு, பெட்டிச் சட்டத்தை முன்கூடத்துக்கு வைத்திருக்கிறார். அவருக்குக் கணக்குத் தப்பியதா, தச்சன் ஏமாற்றினானா, யாருக்குத் தெரியும்? இந்தக் குடும்பத்தில் அப்படி நடந்ததில் சிஸ்டருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

மூன்று லாரி மரம் மனைக்குப் போய்ச் சேர்ந்தது. சிஸ்டர் பக்கத்திலேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். தச்சு வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, ஆணி இருக்கிற மரத்தில் ரம்பம் வைக்கமாட்டோம் என்று போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் ஐம்பது வயசுக்காரர். மெஷின் வைத்து நடத்துகிற பட்டறை அவருடையது. ஊர்ப்பட்ட ஃப்ளாட்டுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து கொடுத்துக் கை நிறையச் சம்பாதிக்கிறவர். சிஸ்டர் உலகத்தைப் பார்க்கிற மாதிரி அவர் வாடிக்கையாளர்களைப் பார்த்தார். அதாவது, பொறுமையாக, ஒரு மதிப்பும் இல்லாமல்.

"சிஸ்டர், இதுல பாதி குப்பை."

"மீதி?"

"மீதி இருக்கறதுனாலதான் நின்னு பேசிட்டிருக்கேன். ஆனா ஒரு ஆணி என் பிளேடுல பட்டுச்சுன்னா அன்னிக்கே கெளம்பிடுவேன்."

"படாது."

படவில்லை. இரண்டு மாதம் சிஸ்டர் தன் கையாலேயே ஆணி பிடுங்கினாள். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி நெஞ்சைக் கேட்கிற அந்தப் பொறுமையோடு ஒவ்வொரு சட்டமாக விரலால் தடவி, துரு தட்டுப்பட்ட இடத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்து, தலை போன ஆணியைக் குறட்டால் நோண்டி எடுத்தாள். ஒரு பெயிண்ட் வாளி, இரண்டு வாளி என்று ஆணி சேர்ந்தது. பெரிய தம்பியின் மனைவி ஒருநாள் காரில் வந்து, இறங்காமலே, "இந்த வயசுல உங்களுக்கு ஏன் அண்ணி இதெல்லாம்?" என்று கேட்டாள்.

"வயசான காலத்துல ஏதாவது பொழுதுபோக்கு வேணும்ல. உனக்குத்தான் என் தம்பி இருக்கான்."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

தச்சர் சொன்னதையெல்லாம் சிஸ்டர் கேட்டாள் என்று சொன்னால் அது பொய். இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் சின்னத் தாழ்வாரம். சாமான் அறையின் பலகை படுக்கையறைக்குக் கூரையானது. கொட்டகைத் தூண்கள் தாழ்வாரத்தைத் தாங்கின. ஜன்னல்கள் அளவு குறைத்து அப்படியே உட்கார்ந்தன. இதுவரை இருவருக்கும் சண்டை இல்லை. வாசல் நிலையில்தான் வந்தது. பழைய வீட்டின் முன்வாசல் நிலையும் கதவும் பூ வேலை செய்தவை. பார்க்க லட்சணமாக இருக்கும். தச்சர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முறுக்கிடுச்சு சிஸ்டர். மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் ஒரு விரக்கடை வித்தியாசம். இழைச்சு மாட்டலாம். மழை வந்தா ஊதும்."

"அறுபது வருஷம் அந்த வீட்டுல ஒழுங்காத்தானே மூடிச்சு."

"அங்க சுவரும் சேந்து முறுக்கியிருந்துச்சு. இங்க என் சுவரு நேரா இருக்கு."

"மாட்டுங்க."

"அப்ப பின்னாடி ஒரு வாசல் வைங்க."

"ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு வாசல்? மாட்டுங்க மேஸ்திரி."

அவள் அத்தனை பிடிவாதம் பிடித்ததற்கு உண்மையான காரணம் ஒன்று இருந்தது, அதைத் தச்சரிடம் சொல்ல முடியாது. அந்த வாசல் வழியாகத்தான் தம்பிகளின் கல்யாண ஊர்வலம் போனது, வந்தது. டியூட்டியிலிருந்து திரும்புகிறவள், கூடத்தில் விருந்தாளிகள் இருப்பார்கள் என்று எப்போதும் பக்கத்துச் சந்து வழியாகத்தான் உள்ளே போவாள். அந்தக் கதவைத் தன் வீட்டுக்கு மாட்டி, தினமும் அதைத் தன் சாவியால் திறக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஊரையே எள்ளி நகையாடுகிறவளுக்குள் இப்படி ஒரு அற்ப ஆசை. தச்சர் தோளைக் குலுக்கிவிட்டு மாட்டினார்.

குடிவந்த நான்காவது மாதம் மழை பிடித்தது. நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போகலாம் என்று தாழ்ப்பாளை எடுத்து இழுத்தாள். கதவு வரவில்லை. காலை நிலையில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். பூ வேலைப்பாட்டில் இருந்த ஒரு மொக்கு கையோடு வந்தது, கதவு வரவில்லை. தெருவில் பால்காரன் மணியடித்துக்கொண்டு போவது கேட்டது. கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் கதவோடு மல்லுக்கட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் தச்சருக்குப் போன் செய்தாள்.

"கதவு கொஞ்சம் பிடிக்குது" என்றாள்.

"வெளியில இருக்கீங்களா, உள்ள இருக்கீங்களா?"

"உள்ள."

அந்தப் பக்கம் பட்டறை மெஷினை நிறுத்துவது கேட்டது. "வரேன்" என்றார்.

வந்தபோது மணி பத்தரை. தோளால் மோதிப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பி வழியாக ஒரு திருப்புளியைக் கொடுத்து, உள்பக்கம் கீல் ஸ்குரூவைக் கழற்றச் சொன்னார். பழைய ஸ்குரூக்கள், காடி தேய்ந்து வழுக்கின. கடைசியில் சமையலறை ஜன்னல்தான் மிச்சம். அதற்கு மட்டும் இன்னும் கம்பி வரவில்லை. தச்சர் தன் மர ஸ்டூலை வெளியே போட்டு, அதன்மேல் ஒரு சாக்கை விரித்து வைத்தார். சிஸ்டர் உள்ளே சமையல் மேடைமேல் ஏறி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதலில் ஒரு காலையும் பிறகு தலையையும் வெளியே நீட்டினாள். முழங்கால் மடங்க மறுத்தது. எதிர்வீட்டுப் பெண் குடை பிடித்துக்கொண்டு தன் வாசலில் நின்று முழுதும் பார்த்தாள். தச்சர் கை கொடுத்து இறக்கினார். முகத்தில் ஒரு சுழிப்பு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சொல்லித் தொலைங்க" என்றாள்.

"என்னத்த?"

"அன்னிக்கே சொன்னேன்னு."

தச்சர் ஸ்டூலைத் துடைத்தார். "நோயாளி உங்க பேச்சைக் கேக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"திட்டுவேன்."

"எனக்கு அது முடியாது. நான் திட்டினா நீங்க வேற தச்சனைப் பாப்பீங்க. அதனால நான் மழை வர்ற வரைக்கும் காத்திருப்பேன்."

தம்பிகளின் மூன்று துண்டு உத்திரத்தைப் பார்த்து அத்தனை சிரித்தவள், ஒரு வளைந்த கதவுக்காக ஜன்னல் வழியாக இறங்கி நிற்கிறாள். தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. நனைந்தபடியே நின்று, "கழட்டிடுங்க. கொட்டகைக் கதவு இருக்குல்ல, அதைப் போடுங்க. பின்னாடியும் ஒரு வாசல் வைங்க" என்றாள்.

"அதுக்கு இடம் விட்டுத்தான் கட்டச் சொல்லியிருக்கேன்" என்றார் தச்சர். அதில் ஒரு சின்ன அகம்பாவம் இருந்தது. சிஸ்டர் அதை அவருக்கு அனுமதித்தாள்.

கழற்றிய நிலையும் கதவும் பின்சுவரில் சாய்ந்து கிடந்தன. அடுத்த மாதம் சின்னவனின் கல்லூரி நண்பர் ஒருவர் அந்த வழியாக வந்து, வீட்டைப் பார்த்து வாய் பிளந்து, நாலைந்து படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். 'பழைய மரத்தில் ஒரு கவிதை' என்று எழுதியிருந்தாராம். அதுவரை எட்டிப் பார்க்காத தம்பிகள் அந்த ஞாயிறே குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். பெரியவன் ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டு நடந்தான். "நம்ம மரம்க்கா. என்ன இருந்தாலும் நம்ம மரம்" என்றான். கொட்டகைத் தூண் என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவன் மனைவிதான் பின்சுவரில் இருந்த கதவைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணி, இது நம்ம வாசக் கதவுல்ல? இப்படியா மழையில போடறது? எங்க புது ஃப்ளாட்டுல வெச்சா எவ்வளவு லட்சணமா இருக்கும்!"

"எடுத்துட்டுப் போங்க. ஆனா கோணிப்போச்சு. மூடாது."

கணவனும் மனைவியும் பார்த்துக்கொண்டார்கள். கொடுக்க மனசில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்று அந்தப் பார்வையில் எழுதி ஒட்டியிருந்தது. சிஸ்டர் மறுபடி சொல்லவில்லை. ஒரு தடவை சொல்வாள். அதற்கப்புறம் அவரவர் பாடு. மறுநாளே வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது.

ஃப்ளாட் முடிந்து கூப்பிட்டபோது போய்ப் பார்த்தாள். நான்காவது மாடி. வாசலுக்கு வழவழப்பான ஒரு ரெடிமேட் கதவு. பழைய கதவு கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. பாலிஷ் போட்டு, மேலே இரண்டு குட்டி விளக்கு வைத்து, உடைந்த மொக்குக்குப் பதில் பிளாஸ்டரில் ஒன்று செய்து ஒட்டியிருந்தார்கள். திறந்தால் சுவர். பெரியவன் தன் பழைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரை அதன் முன்னால் நிறுத்தி வைத்திருந்தான்.

"ஒரே மரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க தாத்தாவோட அப்பா கப்பல்ல வரவழைச்சது."

நண்பர்கள் தலையை ஆட்டினார்கள். சிஸ்டர் தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். இந்த மனிதனைத் தூக்கி வளர்த்த தன் இடுப்பை நினைத்து அவளுக்கு அன்று பரிதாபமாக இருந்தது.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் கழித்து, பெரியவன் குளியலறையில் வழுக்கி விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது; வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. சரி செய்ய ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் நான்கு மாடி ஏற்ற முடியாது. அவன் மனைவிக்கு முதுகு வலி. ஆளைப் புரட்டிப் போட அவளால் ஆகாது. சின்னவன் வீட்டில் மகனுக்குப் பரீட்சை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியவன் மனைவியும் சின்னவனும் அவன் மனைவியும் நின்று பேசிக்கொண்டே சிஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம்கூட இல்லாதவர்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஆம்புலன்ஸை என் வீட்டுக்கு விடச் சொல்லுங்க" என்றாள்.

படுக்கையறையைக் காலி செய்து அவனைப் போட்டாள். தனக்கு முன்னறையில் பாய். இரண்டு மணிக்கு ஒரு தடவை ஆளைப் புரட்டினாள், முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டாள், பெட்பேன் வைத்தாள், எடுத்தாள். அவன் முதல் நாள் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

"ரொம்பப் பண்ணாத. ஜட்ஜுக்கே வெச்சிருக்கேன்" என்றாள்.

இரண்டாம் வாரம் ஒரு மதியம், மல்லாந்து கிடந்தவன் கேட்டான்:

"இந்தக் கூரைப் பலகை ரொம்ப நல்லா இருக்குக்கா. எந்த ரூம்ல இருந்தது?"

"என் ரூம்ல."

அவன் யோசித்தான். "உன் ரூம்ல பலகைக் கூரையா இருந்துச்சு?"

"ஆமா."

"நான் கவனிச்சதே இல்ல."

"உள்ள வந்திருந்தாத்தானே கவனிப்ப."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கனைக்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள், கனைக்கவில்லை. "இருபது வருஷமிருக்குமா அந்த ரூம்ல?" என்று கேட்டான்.

"இருபத்தேழு. கையைத் தூக்கு, சட்டை மாத்தணும்."

அவன் கண் ஓரத்தில் ஈரம் இருந்தது. வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி வருவது உண்டு. சிஸ்டர் துடைத்துவிட்டாள், அதற்குமேல் அதில் ஒன்றும் தேடவில்லை.

ஏழாவது வாரம் அவன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் வரை போய்த் திரும்பினான். எட்டாவது வாரம் லிஃப்ட் சரியாயிற்று. மனைவி கார் அனுப்பினாள். காரில் ஏறும்போது அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடாமல் நின்றான். "சரி சரி, கதவை மூடு, மழை வருது" என்று அவள் கையை உருவிக்கொண்டாள். கார் போனதும் மெத்தை உறையையும் போர்வையையும் ஊறவைத்தாள், படுக்கையைத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தாள், ஜன்னலையெல்லாம் திறந்து விட்டாள். அன்று தன் கட்டிலில் நீட்டிப் படுத்தபோது உடம்பு விட்டுப்போய், சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தூங்கினாள்.

பத்து நாள் கழித்துச் சின்னத் தம்பியின் மனைவி போன் செய்தாள். அவளுக்குச் செய்தி சொல்வதில் ஒரு சுகம்; யாரைப் பற்றியதானாலும் சரி.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"பெரியவரைப் பாக்க ஆபீஸ்காரங்க வந்திருந்தாங்க. ரெண்டு மாசம் எங்க இருந்தீங்கன்னு கேட்டாங்க. எங்க குடும்பக் காட்டேஜ்லன்னு சொல்றாரு. எங்க அக்காவுக்கு ஒண்ணுமில்லாம போயிடக் கூடாதுன்னு, வீட்டு மரத்தையெல்லாம் குடுத்து நானேதான் கட்டிக் குடுத்தேன்னு சொல்றாரு. நானும் இவரும் அங்கதான் உக்காந்திருந்தோம். இவரு ஒரு வார்த்தை பேசல. தலையை ஆட்டறாரு."

சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று தானும் ஒரு கணம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. அவன் வேறு எதையாவது சொல்லியிருந்தால்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

"அண்ணி? இருக்கீங்களா?"

"இருக்கேன். உக்காந்துதான் பேசினானா, நின்னுட்டா?"

"உக்காந்துதான்."

"தாழ்வான சோபாவா?"

"ஆமா, கூடத்துல இருக்கே அது."

"அதுல உக்காரக் கூடாது, இடுப்பு நழுவிடும். உயரமான நாற்காலி போடச் சொல்லு. மாத்திரை வேளாவேளைக்குப் போடறானான்னு கேளு, ராத்திரி மாத்திரையை மறந்துடுவான்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தாள்.